வீட்டு பிளக் பாயிண்டில் மின்சாரக் கார்: காவிரி டெல்டாவில் புதிதாக வாங்கியவர்களுக்கு

மின்சாரக் காரோடு தரப்படும் போர்ட்டபிள் சார்ஜரின் ஒரு முனையில் காரில் பொருத்தும் ‘கன்’ இருக்கும். நடுவில் சிறு விளக்குகள் உள்ள பெட்டி இருக்கும். மறுமுனையில் நாம் ஏ.சி.க்கும் கெய்சருக்கும் பயன்படுத்துகிற அதே பெரிய மூன்று பின் பிளக் இருக்கும். பார்த்துப் பழகிய பிளக் என்பதால், வண்டி வந்த அன்றைக்கே ரேழியிலோ கொல்லைப்புறத்திலோ உள்ள ஏதாவது ஒரு பாயிண்டில் செருகிவிடத் தோன்றும். அந்த ஓர் இரவு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஷோரூமில் ஏற்றிய சார்ஜ் மிச்சமிருக்கும்போதே கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிட்டால், அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு அந்தப் பாயிண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். போர்ட்டபிள் சார்ஜர் ஏறத்தாழ 15 ஆம்பியர் இழுக்கும், அதாவது 3.3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் அல்லது கீழ். 24 கிலோவாட் மணி பேட்டரி உள்ள சிறிய காரை ஏறக்குறையக் காலியான நிலையிலிருந்து நிரப்ப இந்த வேகத்தில் எட்டு மணி நேரம் ஆகும். வீட்டில் வேறெந்தச் சாதனமும் இவ்வளவு மின்னோட்டத்தை இவ்வளவு நேரம் விடாமல் இழுப்பதில்லை. கெய்சர் தண்ணீர் சூடானதும் தானாக நின்றுவிடும்; ஏ.சி. அறை குளிர்ந்ததும் தணிந்துவிடும். கிரைண்டர் மாவு அரைபட்டதும் ஓய்ந்துவிடும். காருக்கு அந்த இடைவெளி கிடையாது. இரவு பத்து மணிக்குச் செருகினால் விடியும்வரை அதே 15 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடங்களில் வெளியே தெரியாத ஒரு தளர்ந்த இணைப்பு, எட்டு மணி நேரத்தில் கருகிப்போகும்.

பாபநாசம் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பல ஆண்டுகளாகக் கிரைண்டருக்குப் பயன்பட்ட ஒரு 16 ஆம்பியர் பாயிண்டில்தான் முதல் மாதம் முழுவதும் காரைச் செருகிவந்தோம். ஒரு நாள் காலையில் பிளக்கைப் பிடுங்கும்போது கையில் சூடு தட்டியது. ஒரு பின் மட்டும் பழுப்பேறியிருந்தது. சாக்கெட்டைக் கழற்றியபோது உள்ளே பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு அகன்று போயிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. இதைக் கணக்காகவும் பார்க்கலாம். தளர்ந்த இணைப்பின் மின்தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 22.5 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்னின் திறனும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சால்டரிங் அயர்னை இரவு முழுவதும் சுவருக்குள் செருகி வைத்தது போன்ற நிலை அது.

ஆகவே காருக்கென்று மெயின் போர்டிலிருந்து தனி லைன் ஒன்று இழுத்துவிடுங்கள். இருக்கிற பாயிண்டிலேயே சமாளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வீடு அண்மையில் கட்டியதாகவும், அந்தப் பாயிண்டுக்கு மெயின் போர்டிலிருந்து வேறெதுவும் பிரியாமல் தனி ஒயர் வருவதாகவும் இருந்தால் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். பழைய ஓட்டு வீடுகளில், மரச் சட்டத்துக்குள் ஒயர் ஓடும் வீடுகளில், பியூஸ் கட்டையே இன்னும் மாற்றப்படாத வீடுகளில் அதை எண்ணியும் பார்க்கக் கூடாது. அலுமினிய ஒயர் போட்ட வீடுகளுக்கும் இதையே சொல்வேன்.

தனி லைனுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். 2.5 போதும் என்று கடையில் சொல்லக்கூடும். குறுகிய தூரத்துக்கு அது தாங்கவும் செய்யும். ஆனால் நம் பக்கத்து வீடுகள் நீளமானவை. மெயின் போர்டு வாசலிலும், கார் நிற்கும் இடம் கொல்லையிலும் இருந்தால் ஒயர் இருபது மீட்டருக்குக் குறையாமல் ஓடும். அந்தத் தூரத்தில் 2.5 ஒயரில் ஏறத்தாழ 67 வாட் வெப்பமாகவே வீணாகும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 41 வாட்டாகக் குறையும். விளக்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் ஒயரில் யாராவது தெரியாமல் இந்தப் பாயிண்டை இணைத்துவிட்டால் அது 160 வாட்டைத் தாண்டும். அந்தச் சூடு சுவருக்குள், பைப்புக்குள், கண்ணில் படாத இடத்தில் உண்டாகும். லைனின் தொடக்கத்தில் 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அறுக்கும் சுவிட்ச்) போடுவது நல்லது. 16 ஆம்பியர் எம்.சி.பி. 15 ஆம்பியரைத் தாங்க வேண்டியதுதான். என்றாலும் சித்திரை வைகாசி வெயிலில் சூடேறிய பெட்டிக்குள் அது நள்ளிரவில் காரணமில்லாமல் டிரிப் ஆகி, காலையில் வண்டி பாதி சார்ஜோடு நிற்கும். காருக்கு மட்டுமான லைன், தடித்த ஒயர் என்ற இரண்டும் இருப்பதால்தான் 20 ஆம்பியரைச் சொல்கிறேன். மெல்லிய ஒயரை அப்படியே வைத்துக்கொண்டு எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கும் வேலையை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ஒயர் கருகும்வரை அந்த எம்.சி.பி. வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

சாக்கெட்டுக்கு, கடைகளில் ‘ஏ.சி. பாக்ஸ்’ என்று கேட்டால் தரும், எம்.சி.பி.யும் 16 ஆம்பியர் சாக்கெட்டும் சேர்ந்த இரும்புப் பெட்டியே பொருத்தமானது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நெஞ்சு உயரத்தில், சாரல் படாத இடத்தில், சுவரில் இறுக்கமாகப் பொருத்தச் சொல்லுங்கள். சார்ஜரின் நடுப்பெட்டி ஒரு கிலோ, இரண்டு கிலோ எடை உள்ளது. அது பிளக்கிலிருந்து அந்தரத்தில் தொங்கினால் அந்த எடையே நாளடைவில் பின்களை இளக்கிவிடும். ஆகவே அந்தப் பெட்டியை மாட்டி வைக்கப் பக்கத்தில் ஓர் ஆணியோ கொக்கியோ அடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மல்டி பிளக், பழைய பின்னுக்கு ஏற்ற மாற்று அடாப்டர் ஆகியவை இந்த வேலையில் வரவே கூடாது. இன்வெர்ட்டர் போகும் லைனிலிருந்தும் இந்தப் பாயிண்டை எடுக்கக் கூடாது. மின்சாரம் போகும் நொடியில் காரின் முழுச் சுமையும் இன்வெர்ட்டர் மீது விழும்.

இனி எர்த். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள் என்பேன்.

நம் ஊர்களில் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பேஸ், நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகள் மட்டுமே. எர்த் என்பது வீட்டுக்காரர் தம் மண்ணில் தாமே போட்டுக்கொள்வது. டெல்டாவின் மண் வண்டலும் களியும் கலந்தது. ஐப்பசியில் எர்த் குழி ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அப்போது அளந்தால் மின்தடை நன்றாகக் குறைந்திருக்கும். அதே மண் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, எர்த் பைப்பை விட்டு விலகி நிற்கும். மழைக்காலத்தில் சரியாக இருந்த எர்த், மே மாதத்தில் பெயருக்கு மட்டுமே எர்த்தாக இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி போன்ற கடலோர ஊர்களில் சிக்கல் வேறு விதமானது. அங்கே மண்ணில் ஈரமும் உப்பும் உண்டு. ஆனால் உப்புக்காற்று ஜி.ஐ. பைப்பையும், அதில் எர்த் கம்பி முடுக்கிய நட்டு போல்ட்டையும் சில ஆண்டுகளில் அரித்துவிடும். குழியின் மூடியைத் திறந்து பார்த்தால் கம்பி பைப்பைத் தொடாமலே நிற்பதுண்டு.

எர்த் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் எண்ணில் பார்ப்போம். காரின் உலோக உடலில் எப்படியோ பேஸ் கசிந்துவிட்டது என்று கொள்வோம். எர்த்தின் மின்தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் மண்ணுக்குள் பாயும். வீடுகளில் போடும் சி வகை எம்.சி.பி. உடனே விழ வேண்டுமானால் அதன் அளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டம் தேவை. ஆகவே 46 ஆம்பியருக்கு அது உடனே விழாது, தாமதித்தே விழும். எர்த் 50 ஓமாக வறண்டிருந்தால் 4.6 ஆம்பியர்தான் பாயும், எம்.சி.பி. அதை ஒரு சாதாரணச் சுமையாக எண்ணி விழவே விழாது. கார் மின்சாரத்தோடு நின்றுகொண்டிருக்கும். ஈரக் காலோடு வருகிற பிள்ளை கதவைத் தொடும். இதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் என்கிறேன். போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் 30 மில்லி ஆம்பியர் வேறுபட்டாலே அது கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். வாங்கும்போது ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த ‘ஏ.சி.’ வகையைவிட அது மின்னணுச் சாதனங்களின் கசிவைச் சரியாக உணரும். சார்ஜரின் நடுப்பெட்டிக்குள்ளேயே இத்தகைய பாதுகாப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது பெட்டியிலிருந்து கார் வரையிலான பகுதியைத்தான் காக்கும். சுவருக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள கேபிளையும் சாக்கெட்டையும் காப்பது உங்கள் மெயின் போர்டில் இருக்கும் ஆர்.சி.சி.பி. மட்டுமே. மாதம் ஒரு முறை அதன் ‘டி’ (டெஸ்ட்) பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

காருக்கென்று புதிய எர்த் போடுவதே என் பரிந்துரை. குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ள பைப்பை நிமிர்த்தி இறக்கி, ஈரம் நிற்கும்படி நிரப்பி, மேலே திறந்து பார்க்கும்படியான மூடி வையுங்கள். துணி துவைக்கும் கல்லுக்கோ அடிபம்புக்கோ பக்கத்தில் இடம் கிடைத்தால் நல்லது; ஆண்டு முழுவதும் அங்கே தண்ணீர் ஊறும். கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டுகிறது, ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது என்று சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை ஏற்க வேண்டாம். மீட்டர் இழுப்பது மிகச் சிறிய மின்னோட்டம் என்பதால், துருப்பிடித்த எர்த்தும் அதில் 230 காட்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ கோளாறு என்பதை மட்டும் அந்த மீட்டரிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

எர்த் சரியில்லாத இடத்தில் பெரும்பாலான சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டி, சார்ஜ் செய்ய மறுத்துவிடும். அந்த விளக்கைப் பச்சையாக்குவதற்காக, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இதைச் செய்துதரும் கை எவ்வளவு தெரிந்த கையாக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். புயல் காற்றில் தெருக் கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், வீட்டிலுள்ள மின்விளக்கு வழியாகவோ விசிறி வழியாகவோ 230 வோல்ட்டும் அந்தத் துண்டு ஒயரைத் தாண்டிக் காரின் உடலுக்கு வந்துவிடும். நம் பக்கத்தில் நியூட்ரல் அறுவது அரிதான நிகழ்வு அன்று.

காரை எங்கே நிறுத்துவது என்பதில் டெல்டாவுக்கென்றே சில செய்திகள் உள்ளன. கீற்றுக் கொட்டகையின் கீழே சார்ஜ் செய்ய வேண்டாம். வைக்கோல் போரிலிருந்தும் நன்றாகத் தள்ளியே பாயிண்டை வையுங்கள். தவறு நடப்பது அரிது. நடந்தால் ஒரு பொறி போதும். கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்க, காரைத் தெருவில்தான் நிறுத்த முடியும். திண்ணையைத் தாண்டி, சாக்கடையின் மேலே, தெருவில் நடப்பவர் காலடியில் கேபிளை இழுப்பது உங்களுக்கும் பிறருக்கும் தீங்கு. சுவாமி புறப்பாட்டு நாளில் வண்டியை அவசரமாக எடுக்கவும் நேரும். அத்தகைய வீட்டில் இருப்பவர்கள், கொல்லைப்புறம் வண்டிப்பாதை உள்ள உறவினர் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அடுத்தது எலி. அறுவடை முடிந்ததும் வயலைவிட்டு வீட்டுப் பக்கம் வருகிற எலிகளுக்கு கேபிளின் மேலுறை பிடித்தமான பொருள். வயலில் கிட்டி வைத்துப் பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சார்ஜ் முடிந்ததும் கேபிளைத் தரையில் போட்டு வைக்காமல் சுருட்டி உயரத்தில் மாட்டுங்கள். மாட்டும்போது விரலால் ஒரு முறை முழு நீளமும் தடவிப் பாருங்கள்.

லைன் தயாரான பிறகு முதல் சார்ஜைப் பகலில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது செய்யுங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும் நிலையில் பிளக்கை முழுவதுமாக அழுத்திச் செருகிப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். பெட்டியின் விளக்குகள் பச்சையானதும் காரில் கன்னைப் பொருத்துங்கள். ‘கிளிக்’ என்ற ஓசையும், காரின் திரையில் சார்ஜ் ஏறும் குறியும் வர வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேற்பகுதியையும் சாக்கெட்டையும் எம்.சி.பி.யின் முகப்பையும் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, கருகல் வாடை, ‘சிர்’ என்ற ஓசை ஆகியவற்றில் எது இருந்தாலும் காரில் சார்ஜை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஒரு மணி நேரத்திலும் மூன்று மணி நேரத்திலும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நிறுத்தும்போது வரிசை தலைகீழ்: முதலில் காரில் சார்ஜை நிறுத்தி, கன்னை எடுத்து, பிறகு சுவிட்சை அணைத்து, கடைசியாகப் பிளக்கை எடுக்க வேண்டும். 15 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினால் உள்ளே பொறி பறந்து தகடுகள் அரிக்கப்படும். முதல் மாதம் முடிந்ததும் எம்.சி.பி., சாக்கெட் திருகுகளை மீண்டும் ஒரு முறை முடுக்கச் சொல்லுங்கள். சூடேறி ஆறும்போது செம்பு ஒயர் சற்றே இளகும் என்பதால் இந்த இரண்டாம் முடுக்கல் மிகவும் தேவை.

உங்கள் காரில் மின்னோட்டத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 15 ஆம்பியரை 10 ஆக்கினால் இணைப்புகளில் உண்டாகும் வெப்பம் பாதிக்கும் கீழே போய்விடும். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சிறிய கார் ஒரு யூனிட்டில் ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால் 12 அல்லது 13 யூனிட் போதும். 10 ஆம்பியரில் ஆறேழு மணி நேரத்தில், அதாவது நீங்கள் தூங்கி எழுவதற்குள் ஏறிவிடும். தினமும் நூறு விழுக்காடு வரை நிரப்ப வேண்டுமா என்பது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. உங்கள் காரின் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை எத்தனை கிலோவாட் என்று மின் கட்டணக் கணக்கில் பாருங்கள். காரோடு ஏ.சி.யும் கெய்சரும் தண்ணீர் மோட்டாரும் சேர்ந்தால் அது தாண்டிப்போகும். மின்வாரியத்தில் கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் கூடும்; பயன்பாடு ஏற ஏற யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுவதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். குறுவை நடவின்போது சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடி வோல்டேஜ் இறங்கினால் கார் மெதுவாக ஏறும், அல்லது சார்ஜர் நின்றுவிடும். அதற்காக வீட்டிலுள்ள ஏ.சி. ஸ்டெபிலைசரை இடையில் மாட்டாதீர்கள். மோட்டார்கள் ஓயும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வயலில் உள்ள பம்புசெட் இணைப்பிலிருந்து காரைச் சார்ஜ் செய்வது முற்றிலும் கூடாது. அது வேளாண்மைக்கென்று தரப்படும் மின்சாரம். வேறு பயனுக்கு எடுப்பது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், புரட்டாசி முடிவதற்குள், முழு லைனையும் ஒரு முறை சோதித்துவிடுங்கள். சார்ஜர் மழையைத் தாங்கும் என்று அதன் அட்டையில் எழுதியிருந்தாலும் சுவர் சாக்கெட்டும் பிளக்கும் தாங்காது. இடி மின்னல் நேரத்தில் சார்ஜை நிறுத்திப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காற்று எழுவதற்கு முன்பே காரை நிரப்பிக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, உள்ளூர்களில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்கம்பி அறுந்து கிடந்தாலோ கம்பம் சாய்ந்திருந்தாலோ 94987 94987 என்ற மின்வாரியத்தின் ‘மின்னகம்’ புகார் எண்ணுக்குச் சொல்லுங்கள். அதுவரை மெயினை அணைத்து வையுங்கள்.

வெள்ளம் வாசலேறி சாக்கெட்டைத் தொட்டிருந்தால், தண்ணீர் வடிந்து சுவர் காய்ந்துவிட்டது என்பதற்காக அதைப் பயன்படுத்தக் கூடாது. சாக்கெட்டையும் எம்.சி.பி.யையும் மாற்றி, எர்த்தை மீண்டும் அளந்து, ஆர்.சி.சி.பி.யின் பொத்தானை அழுத்திப் பார்த்த பிறகே காரைச் செருக வேண்டும். கார் நின்ற இடத்தில் தண்ணீர் கதவின் அடிப்பகுதிவரை ஏறியிருந்தால், அந்த வண்டியைச் சார்ஜில் போடவோ ஓட்டிப் பார்க்கவோ முயலாமல், சர்வீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, வீட்டைவிட்டு எட்ட, திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி வையுங்கள்.